இரண்டங்குல உருளை

நீராவிப் பொறியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் ஒரு தேநீர்க் கெண்டியிலிருந்தே தொடங்குவர். கொதிக்கும் கெண்டியின் மூடி நீராவியால் துள்ளுவதைச் சிறுவன் ஒருவன் கண்டான். அவன் வளர்ந்து நீராவிப் பொறியைக் கண்டுபிடித்தான். அவனே ஜேம்ஸ் வாட் என்பது பள்ளிப் பாடங்களின் வழியே நம்மிடையே பரவியுள்ள கதை. கதை என்ற அளவில் இது இனியதே. ஆயினும் வாட் பிறந்தது 1736ஆம் ஆண்டில். அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முன்னரே, 1712இல், இங்கிலாந்தின் டட்லி கோட்டைக்கு அருகில் இருந்த நிலக்கரிச் சுரங்கமொன்றில் தாமஸ் நியூகோமன் அமைத்த நீராவிப் பொறி தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. எனவே வாட் நீராவிப் பொறியைக் கண்டுபிடித்தவர் அல்லர்; பழுதுபார்க்கத் தொடங்கிப் புதுப்பித்தவர். அவர் பழுதுபார்க்க எடுத்துக்கொண்டதும் சுரங்கத்துப் பெரும்பொறி அன்று. மேசைமேல் வைத்துக் காட்டத்தக்க ஒரு சிற்றுருப் பொறி அது. அதன் உருளையின் உள்விட்டம் இரண்டே அங்குலம்.

அச்சிற்றுருப் பொறி வாட்டின் கைக்கு வந்தது 1763ஆம் ஆண்டில். அதிலிருந்து கிளைத்த பெரும்பொறி ஒரு சுரங்கத்தில் முதன்முதலாக ஊரறிய இயங்கியது 1776ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். இடைப்பட்டவை பதின்மூன்று ஆண்டுகள். இவற்றுள் புதிய எண்ணம் பிறப்பதற்கு ஆன காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. எஞ்சிய பதினோராண்டுகளும் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்போடு பொருந்த வேண்டும் என்ற ஒரே தேவையைச் சுற்றிக் கழிந்தன. எண்ணத்தைப் பாடும் வரலாறு இப்பதினோராண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுகிறது. அவற்றை விரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்கலைக்கழகத்துச் சிறு பொறி

ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் பிறந்த வாட், 1755இல் லண்டன் சென்று ஓராண்டுக் காலம் கருவி செய்யும் தொழிலைப் பயின்றார். கிளாஸ்கோவுக்குத் திரும்பிய அவருக்கு 1757இல் அந்நகரப் பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு பட்டறையை அளித்தது. கணிதக் கருவிகளைச் செய்வதும் செப்பனிடுவதும் அவர் பணி. கவராயம், அளவுகோல், நிறை கோல் முதலியவற்றோடு இசைக்கருவிகளும் அவர் பட்டறைக்கு வந்தன. இசைச் செவி இல்லாதவர் என்று அறியப்பட்ட வாட், குழலிசைப் பேழையொன்றையும் கணக்கின் துணைகொண்டே செய்து முடித்தார் என்பது அவர் கைத்திறத்துக்குச் சான்று.

அப்பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் ஜான் ஆண்டர்சன், மாணவர்க்குக் காட்டுவதற்காக நியூகோமன் பொறியின் சிற்றுரு ஒன்றை வைத்திருந்தார். செப்பனிடுவதற்காக அது முன்பே லண்டனுக்கு அனுப்பப்பட்டிருந்தது. இறுதியில் 1763இல் அது வாட்டின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

நியூகோமன் பொறி இயங்கும் முறையை ஈண்டுச் சுருக்கமாக அறிதல் வேண்டும். கொதிகலனிலிருந்து நீராவி உருளைக்குள் புகும். உருளைக்குள் பிஸ்டன் எனப்படும் வட்டத்தகடு மேலே ஏறி நிற்கும். அப்போது உருளைக்குள் குளிர்ந்த நீர் பீச்சப்படும். நீராவி குளிர்ந்து நீராகச் சுருங்கும். உருளைக்குள் வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். பிஸ்டனோடு இணைந்த பெருந்துலாவின் மறுமுனை உயர்ந்து சுரங்கத்து நீரை இறைக்கும். நம் ஊர் ஏற்றத்தில் துலாவின்மேல் நடக்கும் மனிதரின் இடத்தில் இங்குக் காற்றின் எடை நிற்கிறது எனலாம். 1712ஆம் ஆண்டுப் பொறியின் உருளை 21 அங்குல விட்டம் கொண்டது. மணித்துளிக்குப் பன்னிரண்டு முறை அது ஏறி இறங்கியது.

ஆண்டர்சனின் சிற்றுருவில் உருளையின் விட்டம் 2 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 6 அங்குலம். கொதிகலன் ஏறத்தாழ 9 அங்குல அகலம். உருளையோடு ஒப்பிட்டால் கொதிகலன் போதிய அளவினதாகவே தோன்றியது. உறுப்புகள் அனைத்தும் முறையாகவே அமைந்திருந்தன. ஆயினும் தீயை ஊதி ஊதி எரித்தால் பொறி சிலமுறை மட்டும் ஏறி இறங்கியது. பின்னர் நீராவி தீர்ந்து நின்றது. பீச்ச வேண்டிய குளிர்நீரோ அளவு மீறியதாக இருந்தது.

வாட் பொறியின் சுமையைக் குறைத்துப் பார்த்தார். அது இறைக்க வேண்டிய நீரின் உயரத்தைச் சுருக்கியதும் பொறி ஒழுங்காக இயங்கியது. பழுதுபார்ப்பவரின் கடமை அத்துடன் முடிந்தது. பொறியைத் திருப்பித் தந்து கூலியைப் பெற்றிருக்கலாம். ஆனால் பெரிய உருவில் ஆண்டுக்கணக்கில் இயங்கும் ஒன்று சிற்றுருவில் ஏன் மூச்சுவாங்குகிறது என்ற வினா அவரை விடவில்லை.

சிறுமையின் கணக்கு

ஒரு பொருளின் எல்லா அளவுகளையும் பத்தில் ஒன்றாகக் குறைப்பதாகக் கொள்வோம். அதன் சுவர்களின் பரப்பு நூறில் ஒன்றாகும். அதனுள் அடங்கும் கொள்ளளவோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே சிற்றுருவினுள் இருக்கும் ஒவ்வொரு பங்கு நீராவியையும் சூழ்ந்து நின்று அதன் வெப்பத்தை உறிஞ்சும் சுவரின் பரப்பு, பேருருவில் உள்ளதைப்போல் பத்து மடங்கு ஆகிறது. பெரிய பொறியில் மறைந்துகிடந்த குறை, சிறிய பொறியில் பத்து மடங்காக வெளிப்பட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் குளிர்நீர் பட்டுக் குளிரும் உருளையை மீண்டும் சூடாக்குவதற்கே நீராவியின் பெரும்பகுதி செலவாகிறது என்பதே அக்குறை.

வாட் இதனை ஊகத்தோடு விட்டுவிடவில்லை. வெப்பத்தை எளிதில் கடத்தாத மரத்தால் 6 அங்குல விட்டமும் 12 அங்குல ஓட்டமும் உடைய உருளையொன்றைச் செய்தார். அம்மரத்தை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துச் சூட்டில் உலர்த்திப் பயன்படுத்தினார். நீராவிச் செலவு குறைந்தது. எனினும் உருளையை நிரப்பப் போதுமான அளவைப்போல் பன்மடங்கு நீராவி அதிலும் வீணாயிற்று. நீராவியாக மாறிய நீர், தன் எடையைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு எடையுள்ள கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர வல்லது என்பதையும் அவர் அளந்து கண்டார். இதன் காரணத்தை, நீராவிக்குள் மறைந்துறையும் வெப்பம் பற்றி முன்னரே ஆராய்ந்திருந்த பேராசிரியர் ஜோசப் பிளாக் அவருக்கு விளக்கினார்.

உருளை எப்போதும் சூடாக இருக்க வேண்டும். நீராவி குளிர்வதற்கோ குளிர்ந்த இடம் வேண்டும். ஒன்றோடொன்று முரணும் இவ்விரு தேவைகளையும் ஒரே கலத்தில் நிறைவேற்றுதல் இயலாது. 1765ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளாஸ்கோ நகரப் பசும்புல்வெளியில் உலாவிக்கொண்டிருந்தபோது வாட்டுக்கு விடை கிடைத்தது. நீராவியைத் தனியான ஒரு குளிர்கலனுக்குள் இழுத்து அங்கே குளிரச் செய்தால் உருளை தன் சூட்டை இழக்க வேண்டியதில்லை. உலகம் போற்றும் எண்ணம் இதுவே.

அதனைச் சோதிக்க அவர் செய்ததும் ஒரு சிற்றுருவே. மருத்துவர் பயன்படுத்தும் பெரிய பித்தளைப் பீச்சாங்குழல் ஒன்றே உருளையாயிற்று. அதன் விட்டம் ஒன்றே முக்கால் அங்குலம். நீளம் 10 அங்குலம். குளிர்கலனைத் தகரத்தால் செய்து இணைத்தார். பிஸ்டன் தண்டின் முனையில் தொங்கவிட்ட ஏறத்தாழ 18 பவுண்டு எடையை அச்சிறு கருவி தூக்கிற்று. எண்ணம் மெய்யானது. பெரிதாகச் செய்ய வேண்டியது மட்டுமே எஞ்சியது போலத் தோன்றிற்று.

எண்ணம் பிறந்தது, பொருத்தம் பிறக்கவில்லை

இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. பீச்சாங்குழல் கடைசல் பிடிக்கப்பட்டுப் பிஸ்டனோடு ஏற்கெனவே பொருந்தியிருந்த கருவி. கருவி செய்வோரின் உலகில் நூலிழை அளவுக்குப் பொருத்தம் காண்பது இயல்பு. பெரும்பொறி செய்யும் கொல்லரின் உலகில் அத்தகைய பொருத்தத்தைக் கேட்டவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை.

நியூகோமனின் பொறியில் உருளை சற்றுக் கோணலாக இருந்தாலும் குற்றமில்லை. பிஸ்டனின் விளிம்பில் தோலைப் பொருத்தி, அதன்மேல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைத்தனர். இடுக்குகளில் தண்ணீர் நிறைந்து காற்றைத் தடுத்தது. சிறிது தண்ணீர் உள்ளே கசிந்தாலும் குளிரவேண்டிய உருளைதானே என்று விட்டுவிடலாம். வாட்டின் பொறியிலோ உருளை சூடாகவே இருக்க வேண்டும். தண்ணீர் பட்டால் அது கொதித்து ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுக்கும், உருளையையும் குளிர்விக்கும். எனவே தண்ணீர் அடைப்பு கூடாது. அதனோடு உருளையின் மேல்வாயையும் வாட் மூடிவிட்டார். வெளிக்காற்றுக்கு மாறாக நீராவியே பிஸ்டனைத் தள்ளியது. மூடியைத் துளைத்துக்கொண்டு பிஸ்டன் தண்டு ஏறி இறங்க வேண்டும்; அத்துளையிலும் நீராவி கசியக் கூடாது. வெப்பச் சிக்கலைத் தீர்த்த எண்ணமே பொருத்தச் சிக்கலைப் பன்மடங்காக்கிவிட்டது. ஒரு முடிச்சை அவிழ்த்த கை மற்றொரு முடிச்சை இறுக்கிய நிலை இது.

ஜான் ரோபக் என்னும் தொழிலதிபரின் பொருளுதவியோடு வாட் 1769இல் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே ரோபக்கின் கின்னீல் மாளிகைக்கு அருகில் 18 அங்குல விட்டமுடைய பொறியொன்று எழுந்தது. உருளையை வெள்ளீயத்தில் செய்து சம்மட்டியால் தட்டிச் சீராக்கினர். தட்டிச் சீராக்கிய உருளை எங்ஙனம் வட்டமாகும்? பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே நீராவி சீறிக்கொண்டு வெளியேறியது. வாட் இடுக்கை அடைக்கக் கையில் கிடைத்தவற்றையெல்லாம் முயன்றார். தோல், துணி, தக்கை, கெட்டித்தாள், பழைய தொப்பிகளின் கம்பளம், குதிரைச் சாணம் வரையில் அவர் முயன்ற பொருள்களின் பட்டியல் நீளும். ஒன்று சூட்டில் கருகியது, ஒன்று தேய்ந்தது, ஒன்று பிஸ்டனை நகரவிடாமல் இறுக்கியது. அக்காலத்துப் பொறியியலாளருள் தலைசிறந்தவரான ஜான் ஸ்மீட்டன் இப்பொறியைக் கண்டு, இத்துணை நுட்பத்தோடு இதனைச் செய்வதற்குரிய கருவிகளும் இல்லை, கைவினைஞரும் இல்லை என்று கருதினார் என்பர். அது பொறாமையின் கூற்றன்று. அன்றைய பட்டறைகளை நன்கறிந்தவரின் மதிப்பீடு.

இந்த ஆண்டுகள் வாட்டின் வாழ்வில் கடுமையானவை. பொறி வருவாய் தரவில்லை. குடும்பத்தைக் காக்க அவர் கால்வாய்களுக்கு நில அளவை செய்யும் பணியை மேற்கொண்டார். மங்க்லாந்துக் கால்வாய்ப் பணி அவற்றுள் ஒன்று. 1773இல் ரோபக் கடனில் மூழ்கினார். அவ்வாண்டிலேயே, வடக்கு மலைநாட்டில் அளவைப் பணியில் இருந்தபோது, வாட்டின் மனைவி மார்கரெட் மறைந்தார். எண்ணம் பிறந்து எட்டு ஆண்டுகள் கழிந்தும் இரண்டு உலோக உறுப்புகளுக்கு இடையே உள்ள ஓர் இடுக்கு அடைபடவில்லை.

பீரங்கி துளைத்தவர்

ரோபக்கின் பங்கு பர்மிங்காமைச் சேர்ந்த மாத்யூ போல்ட்டனிடம் சென்றது. கின்னீல் பொறி பிரிக்கப்பட்டுப் போல்ட்டனின் சோஹோ தொழிற்சாலைக்குக் கொண்டுவரப்பட்டது. 1774இல் வாட்டும் பர்மிங்காமில் குடியேறினார்.

அதே 1774ஆம் ஆண்டில் ஜான் வில்கின்சன் என்னும் இரும்பு வார்ப்படத் தொழிலதிபர், பீரங்கிகளைத் துளைப்பதற்குரிய புதிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். திண்மையாக வார்த்த பீரங்கியைச் சுழலச் செய்து, அசையாத கருவியை அதனுள் செலுத்தித் துளைப்பது அம்முறை. துளை நேராக அமைந்தது. வில்கின்சன் அத்துடன் நில்லாமல், இருபுறமும் திறந்த பொறி உருளைகளுக்கு ஏற்ற மற்றோர் இயந்திரத்தை 1775இல் வேல்சில் உள்ள பெர்ஷம் வார்ப்படச் சாலையில் அமைத்தார்.

அதற்கு முன்பு இருந்த துளைப்பு இயந்திரங்களில் வெட்டும் தலை ஒரு தண்டின் நுனியில் இருந்தது. தண்டின் மறுமுனைக்கு மட்டுமே பிடிமானம் உண்டு. வெட்டும் தலை தன் எடையால் தாழ்ந்தது. கரடான வார்ப்பின் மேடு பள்ளங்கள் இழுத்த வழியே சென்றது. துளை வழவழப்பாக இருக்கலாம். ஆனால் நேராக இராது. வில்கின்சன் தண்டை உருளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஊடுருவச் செய்து இரு முனைகளிலும் தாங்கி கொடுத்தார். உருளை அசையாமல் நிற்க, தண்டு சுழல, வெட்டும் தலை அத்தண்டின்மீதே நகர்ந்தது. அது இப்போது வார்ப்பின் கோணலைப் பின்பற்றவில்லை. தண்டின் நேர்மையைப் பின்பற்றியது. மாற்றம் என்னவோ ஒரு தாங்கிதான். உலகின் தொழில் வரலாறு அத்தாங்கியின்மேல் நின்றது.

சோஹோவில் இருந்த வெள்ளீய உருளைக்கு மாறாக வில்கின்சன் துளைத்த இரும்பு உருளை 1775இல் அமைந்தது. 1776 மார்ச்சு 8ஆம் நாள் டிப்டன் நகருக்கு அருகில் புளூம்ஃபீல்டு நிலக்கரிச் சுரங்கத்தில் 50 அங்குல உருளையுடன் கூடிய பொறி பொதுமக்கள் முன்னிலையில் இயங்கிற்று. அவ்வுருளை எவ்விடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்கு மேல் பிழைபடவில்லை என்று போல்ட்டன் பெருமையோடு எழுதினார். இரண்டாவது பொறி வில்கின்சனின் உலைக்களத்துக்கே காற்றூதச் சென்றது. எஞ்சிய நாணயக் கன இடைவெளியைச் சணலும் கொழுப்பும் அடைத்துக்கொண்டன. பதினோராண்டுகளாகத் தேடிய பொருத்தம் பீரங்கி வார்ப்பவரின் கூடத்திலிருந்து வந்து சேர்ந்தது.

வில்கின்சனின் பெயர் பாடநூல்களில் அரிதாகவே காணப்படுகிறது. அவர் பின்னாளில் உரிமத்தொகை செலுத்தாமல் அப்பொறிகளைத் தாமே செய்து விற்றார் என்பது தெரியவந்து கூட்டுறவு முறிந்தது. போல்ட்டனும் வாட்டும் 1790களின் நடுவில் தமக்கெனத் தனி வார்ப்படச் சாலை அமைத்துக்கொண்டனர். மனிதர்களின் பொருத்தம் இருபது ஆண்டுகளில் குலைந்தது. உருளையின் பொருத்தம் நிலைத்தது.

சிற்றுருச் செய்வோர் மரபு

பெரும்பொறியின் சிக்கல் தீர்ந்த பின்னும் சிற்றுருவின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. போல்ட்டன், வாட் ஆகியோரிடம் பணியாற்றிய வில்லியம் மர்டாக், 1784இல் கார்ன்வால் பகுதியின் ரெட்ரூத்தில் தாமே ஓடும் மூன்று சக்கர நீராவி வண்டியின் சிற்றுருவைச் செய்தார். அதன் உருளை முக்கால் அங்குல விட்டமே உடையது. ஓட்டம் 2 அங்குலம். ஒரு சாராய விளக்கு அதன் உலை. இருட்டில் சீறிக்கொண்டு ஓடிய அவ்வண்டியைக் கண்டு ஊர்ப் பாதிரியார் பேயென்று அஞ்சினார் என்ற கதையும் வழங்குகிறது. அவ்வண்டி பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

ஒரே அகலமுள்ள இடுக்கு 50 அங்குல உருளையிலும் 2 அங்குல உருளையிலும் இருப்பதாகக் கொண்டால், பிஸ்டனின் பரப்போடு ஒப்பிடும்போது சிறியதில் கசிவு இருபத்தைந்து மடங்கு. ஷில்லிங் நாணயத்தின் கனம் பெரியதற்குப் பெருமை. சிறியதற்கு அது பெரும்பள்ளம். ஆகவே சிற்றுருச் செய்வோர் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்கிடும் நிலைக்கு வர வேண்டியதாயிற்று. அதற்கு வழிவகுத்தோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கருவிக் கலைஞர்கள். ஹென்றி மாட்ஸ்லே திருகுமரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் பயின்ற ஜோசப் விட்வொர்த், மூன்று தகடுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றி ஒப்பிட்டு உண்மையான சமதளத்தைப் பெறும் முறையை 1840இல் அறிஞர் அவையில் விளக்கினார்; 1841இல் திருகுமரைக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். ஜான் ராம்ஸ்பாட்டம் 1850களில் பிஸ்டனுக்குப் பிளவுபட்ட உலோக வளையத்தை அறிமுகப்படுத்தினார். தன் விரிதிறத்தால் சுவரை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் அவ்வளையம், வாட் குதிரைச் சாணம் வரையில் தேடிய விடையை உருக்கி வார்த்ததைப் போன்றது.

1898இல் லண்டனில் பெர்சிவல் மார்ஷல் சிற்றுருப் பொறி செய்வோருக்கென ஓர் இதழைத் தொடங்கினார். எழுத்தரும் ஆசிரியரும் கடைக்காரரும் மாலை நேரங்களில் தம் வீட்டுப் பட்டறைகளில் பொறிகள் செய்து, கண்ட சிக்கல்களையும் தீர்வுகளையும் அதில் எழுதினர். 1920கள் முதல் எல்.பி.எஸ்.சி. என்ற எழுத்துகளைப் புனைபெயராகக் கொண்ட ஒருவர், எளிய கருவிகள் உடையோரும் ஓடும் நீராவி இரயில் பொறியைச் செய்யத்தக்க முறையில் பல்லாண்டுகள் தொடர்ந்து எழுதினார்.

இவ்வாறு திரண்ட பட்டறையறிவு அறிந்து இன்புறத்தக்கது. பொறியின் இரு பக்கச் சட்டத்தகடுகளையும் தனித்தனியே அளந்து துளையிட்டால் துளைகள் நேர்ப்படா. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து ஒரே துளையாக இடுவர். பிழை நேர்ந்தாலும் இரண்டிலும் ஒரே பிழையாக நேரும், அச்சு கோணாது. ஒவ்வோர் உறுப்பையும் அதற்கு முந்திய உறுப்பிலிருந்து அளந்துகொண்டே சென்றால் சிறு பிழைகள் கூடிக் கடைசியில் பெரும்பிழையாகும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக் கோட்டிலிருந்து அளப்பர். வால்வின் அடித்தளத்தைத் தட்டையான கண்ணாடிமேல் நுண்பொடியிட்டுத் தேய்ப்பர். இரு பரப்புகள் பொருந்துகின்றனவா என்றறிய ஒன்றில் நீலச்சாயத்தை மெல்லெனப் பூசி மற்றொன்றின்மேல் வைத்து எடுப்பர். சாயம் ஒட்டிய இடமே மேடு. அதனை மட்டும் சுரண்டி எடுப்பர். மீண்டும் பூசுவர், மீண்டும் சுரண்டுவர்.

இரயில் பொறியின் இருபுறச் சக்கரங்களிலும் வளைதண்டின் முளைகள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்க வேண்டும். ஓர் இணையில் இக்கோணம் சிறிது பிசகினாலும் சக்கரங்களைப் பிணைக்கும் தண்டு ஓரிடத்தில் இறுகிக்கொள்ளும். அவ்வாறு இறுகும்போது புதியவர் அரத்தை எடுத்துக் கண்ட இடத்தைத் தேய்ப்பார். அனுபவமுடையோர் அரத்தைத் தொடுவதில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதலில் அச்சை மட்டும் கையால் சுழற்றிப் பார்ப்பர். பிறகு ஒரு தண்டைச் சேர்த்துச் சுழற்றுவர். பிறகு பிஸ்டனைச் சேர்ப்பர். எவ்வுறுப்பைச் சேர்த்ததும் இறுக்கம் தோன்றுகிறதோ அங்கே குற்றம் பிறந்திருக்கிறது என்று அறிவர். ஆயினும் குற்றம் அவ்வுறுப்பினுடையதாக இருக்க வேண்டியதில்லை. பல வேளைகளில் அதற்கு முன்னரே பொருத்தப்பட்ட ஒன்று மெல்லிய கோணலை மறைத்துவைத்திருந்து, புதிய உறுப்பு வந்ததும் அதனை வெளிப்படுத்தும்.

யாப்பறிந்தோர்க்கு இது புதிதன்று. ஒவ்வொரு சீரும் தனித்து நோக்கச் செம்மையாக இருந்தும் இரண்டு சீர்கள் சந்திக்கும் இடத்தில் தளை தட்டினால் வெண்பா நில்லாது. தட்டும் இடம் பின்வரும் சீராக இருக்கலாம். திருத்த வேண்டிய இடம் பெரும்பாலும் முன்னதாக இருக்கும். மற்றொன்றும் ஒப்பு நோக்கத்தக்கது. மிக இறுக்கமான பொருத்தம் நல்ல பொருத்தம் அன்று. சக்கரங்கள் தண்டவாளத்தின் மேடு பள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும் என்பதால் பிணைதண்டின் துளைகளில் சிறு நெகிழ்வு விடுவர். குளிர்ந்திருக்கும்போது கச்சிதமாக இருந்த பிஸ்டன், சூடேறியதும் விரிந்து உருளையோடு சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் அதற்கும் இடம் விடுவர். எங்கே இறுக்குவது, எங்கே நெகிழவிடுவது என்றறிவதே இத்தொழிலின் முதிர்ந்த அறிவு.

எஞ்சி நிற்பது

எண்ணத்தைப் போற்றிக் கையை மறக்கும் வழக்கம் எல்லா நாட்டு வரலாறுகளிலும் உண்டு. வாட்டின் பதின்மூன்று ஆண்டுகள் அவ்வழக்கத்தை மறுக்கின்றன. புல்வெளியில் கிடைத்த எண்ணம், வில்கின்சனின் தாங்கி கிடைக்கும்வரை உலவாத எண்ணமாகவே இருந்தது. தட்டிப் பார்த்த கொல்லர், துளைத்துப் பார்த்த வார்ப்படக்காரர், சணலை முறுக்கி அடைத்த பெயரறியாத தொழிலாளர் ஆகிய அனைவரின் உழைப்பும் அப்பொறியின் உறுப்புகளே. ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் கூடிக் கூடி ஒரு சொல்லைப் பற்றி வாதிட்டு, ஓர் அடியைத் திருத்தி, மீண்டும் படித்துக் காட்டும் பணியும் இவ்வகைப்பட்டதே. பாட்டின் பொறி ஒருவர்க்கு ஒரு மாலையில் கிடைக்கலாம். அது பலர் செவியில் நின்று ஓடுவதற்கு ஆகும் காலம் வேறு.

காப்புரிமை முடிந்த 1800ஆம் ஆண்டில் வாட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் பர்மிங்காமுக்கு அருகில் இருந்த தம் வீட்டின் மாடியறையைப் பட்டறையாக்கிக்கொண்டார். சிலைகளைப் படியெடுக்கும் இயந்திரங்களை உருவாக்குவதில் அவர் முதுமை கழிந்தது. அவற்றுள் ஒன்று சிலையை அதே அளவிலும், மற்றொன்று சிறிய அளவிலும் படியெடுப்பது. 1819இல் அவர் மறைந்த பின் அவ்வறை நெடுங்காலம் பூட்டியே கிடந்தது. 1924இல் அறையின் பொருள்கள் அனைத்தும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. ஆண்டர்சனின் சிற்றுருப் பொறியோ கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தின் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐம்பதங்குல உருளைகள் பல உருக்கி வார்க்கப்பட்டுவிட்டன. இரண்டங்குல உருளை இன்னும் இருக்கிறது.